பிளான் 9-க்கு வைஃபை: சில குறிப்புகள்

• பம்புசெட் கொட்டகையில் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினி போர்டு. வயலில் புதைத்த குழாயில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்வது அதன் வேலை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும்போது மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் பாய்ச்சினால் போதும். அந்த அளவு வீட்டுக்கு வந்து சேர வைஃபை வேண்டும்.

• போர்டில் இருப்பது லினக்ஸ் அல்ல, பிளான் 9 என்ற இயங்குதளம். யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் பிறந்தது. இதைப் பைக்குக் கொண்டுவந்து, வைஃபை டிரைவரும் எழுதியவர் ரிச்சர்ட் மில்லர். 1977-இல் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 கணினியில் ஓடவைத்தவரும் இவரே.

• 2016-இல் வந்த பை 3-இல்தான் முதன்முதலாக வைஃபை போர்டிலேயே அமைந்தது. பிராட்காம் 43438 சிப். அது போர்டோடு பேசுவது எஸ்டிஐஓ என்ற இணைப்பு வழியாக. அதுவரை எஸ்டி கார்டைப் படித்துவந்த அராசன் கன்ட்ரோலர் வைஃபைக்குப் போய்விட்டது. கார்டுக்கு மிஞ்சியது எஸ்டிஹோஸ்ட் என்ற இன்னொரு கன்ட்ரோலர். அதற்கும் டிரைவர் தேவை. வைஃபை வேண்டுமென்றால் கார்டிலிருந்து தொடங்க வேண்டும்.

• கரண்ட் வந்ததும் வைஃபை சிப்பின் ராம் காலி. டிரைவர் செய்வது: சிப்புக்குள் இருக்கும் ஏஆர்எம் பிராசஸரை நிறுத்து, ஃபர்ம்வேரை ராமில் ஏற்று, போர்டின் விவரங்களை ராமின் கடைசியில் வை, பிராசஸரை ஓடவிடு. அதன்பிறகு எல்லாம் கட்டளையும் பதிலும்தான். வைஃபை நெறிமுறையின் பெரும்பகுதியை ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்கிறது.

• அந்த ஃபர்ம்வேரின் மூலநிரல் வெளியே கிடைக்காது. 2010-இல் பிராட்காம் லினக்ஸுக்கான டிரைவர் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதனால்தான் சிப்போடு எப்படிப் பேசுவது என்பது மற்றவர்களுக்கும் தெரிந்தது. ஒரு நிறுவனம் திறந்துவைக்கும் நிரல், அது நினைத்தே பார்க்காத இடத்திலும் உதவும்.

• பிளான் 9-இல் நெட்வொர்க்கும் கோப்புதான். வைஃபையின் பெயரைக் கோப்பில் எழுதினால் இணைப்பு. கடவுச்சொல்லுக்குத் தனி நிரல். இந்த எளிமைக்காகவே இதை விரும்புகிறேன்.

• ரூட்டர் கண்ணில் படவில்லையா? நாட்டுக் குறியீட்டைப் பார்க்கவும். அமெரிக்கக் குறியீட்டில் 12, 13-ஆம் சேனல்கள் வராது; இந்தியாவில் அவை உண்டு.

• வளர்ந்து நிற்கும் சம்பாவின் ஈரம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். டிரைவர் எவ்வளவு சரியாக இருந்தாலும் போர்டு பயிருக்கு மேலே இருக்க வேண்டும்.

• தஞ்சை, வல்லம், கும்பகோணம் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்கு: இறுதியாண்டு புராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள். இப்படி ஒரு டிரைவரை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். இன்னொரு போர்டில் ஓடவையுங்கள். சிறிய இயங்குதளத்தில் ஒருவர் செய்யும் வேலை அதைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் போய்ச் சேரும்.