முட்டுக்கட்டை

மழை என்றால் எனக்கு நைனாவின் குடைதான் ஞாபகம் வரும். ஆவணியில் புனே ஹோல்கர் பாலத்தின் மேல் அதைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கீழே முளா ஆறு சாயா நிறத்தில் புரண்டு போகும். இந்தக் கரையில் எங்கள் கட்கி, அந்தக் கரையில் டெக்கான் காலேஜ். ஐந்து மணி போங்கா அடித்து அம்யூனிஷன் ஃபேக்டரி விட்டால் சைக்கிள்கள் ஈசல் மாதிரி கிளம்பும். 1869இல் தொடங்கிய ஃபேக்டரி அது. நைனா அங்கே வார்ப்புப் பட்டறையில் மோல்டர்.

கட்கி பஜாரின் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய படப் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் வாடிகனில் இருக்கும் கிரேக்கச் சாமி அப்பல்லோவின் சிலை. பளிங்கு உடம்பு, காற்றில் வைத்தது போல் ஒரு கால். பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு மரத்துண்டு, அதில் ஒரு பாம்பு. "சாமி காட்டுல நிக்குதா நைனா?" என்று கேட்டேன். பென்சிலால் அந்த மரத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"முட்டுக் குடுத்திருக்கான்டா. கல்லுக்குக் கணுக்கால்ல தெம்பு பத்தாது. வெண்கலம்னா உள்ளே பொள்ளலா வார்த்து, காலை ஈயம் ஊத்திப் பீடத்துல பிடிச்சிடலாம். இது வார்ப்பைப் பார்த்து வெட்டுன கல்லு."

நைனா ஆறாவது தாண்டாதவர். அவர் சொன்னதைத்தான் பின்னால் தடித்தடியான புத்தகங்களில் படித்தேன். கிரேக்க வெண்கலச் சாமிகளில் பெரும்பாலானவை உலோகத்துக்காக உருக்கப்பட்டுவிட்டன. ரோமானியச் செல்வர்கள் தோட்டத்துக்கும் குளியல் மண்டபத்துக்கும் செதுக்கிவைத்த பளிங்கு நகல்கள்தான் மிச்சம். 1954இல் இத்தாலியின் பாயேயில், கிரேக்க வெண்கலங்கள் மேல் நேரடியாக அச்செடுத்த சுதை வார்ப்புகளின் உடைசல்கள் கிடைத்தன. அப்படிப்பட்ட வார்ப்புகளை வைத்து அளந்து அளந்து கல்லில் இறக்கியிருக்கிறார்கள்.

கணபதி சீசனில் கட்கியிலும் அதே கதைதான். ஒரு ரப்பர் அச்சு, நூறு பிள்ளையார். கண்ணை மட்டும் கையால் எழுதுவார்கள். நைனா அந்தப் பக்கம் திரும்பமாட்டார். எங்கள் பூசை மாடத்தில் இருந்தது சுவாமிமலைப் பிள்ளையார். மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்து எடுத்தது. "இதுக்கு இன்னொண்ணு கிடையாது" என்று துடைக்கும்போதெல்லாம் சொல்வார். பெருமை, கொஞ்சம் தொழில் கர்வமும்.

பாலத்துக்கு அக்கரையில் இருந்த டெக்கான் காலேஜிலிருந்துதான் தொல்லியலாளர்கள் சங்காலியாவும் தீட்சித்தும் 1945-46இல் கோலாப்பூர் பிரம்மபுரி மேட்டைத் தோண்டப் போனார்கள். அதற்குச் சற்று முன்பே அங்கே ரோமானிய வெண்கலப் பொருள்கள் கிடைத்திருந்தன. அவற்றில் ஒன்று கிரேக்கக் கடல் சாமி பொசைடன், ஒரு சாண்கூட இல்லாத பொம்மை. அதே 1945இல் தொல்லியலாளர் வீலர் நம் அரிக்கமேட்டில் யவனப் பானை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அரிக்கமேடாவது கடற்கரை, பஞ்சகங்கைக் கரைக்குக் கடல் சாமி எப்படி ஏறி வந்தாரோ!

நைனா ரிட்டயரான வருஷம் அவரைக் கோலாப்பூர் கூட்டிப் போனேன். அம்பாபாய் தரிசனம் முடித்து, டவுன் ஹால் மியூசியம். பொசைடன் நின்ற கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தார், பக்கவாட்டில் நகர்ந்து காலுக்குப் பின்னால் பார்த்தார்.

"முட்டு இல்லை. வார்ப்பு" என்றார்.

பிறகு, சூலம் போய் வெறுமனே நின்ற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"டேய், குடையைக் கோயில் வாசல்லயே விட்டுட்டேன்டா."