எட்டா, நான்கா?

வகுப்பில் 'மகிழுந்து' என்று எழுதச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் 'கார்' என்று பேசுகிற தமிழாசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். என்னிடம் பதினோரு ஆண்டுகளாக ஒரு சிறிய கார் இருக்கிறது. அது எங்களைக் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் ஊருக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. எவரையும் மகிழ்வித்ததாக நினைவில்லை. ஆகவே, வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு காருக்கு எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது என்று என் தம்பி என்னைக் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன்.

2024 மே மாதம், கோடை விடுமுறையில், நானும் மனைவியும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரின் புறத்தே, பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறான். வாகன உதிரிபாகங்களை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளன். போன முதல் வார இறுதியிலேயே, இரவு உணவுக்குப் பிறகு, மடிக்கணினியை என் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"அண்ணே, புது மஸ்டாங் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எஞ்சின்தான் முடிவாகலை. நாலு சிலிண்டரா, எட்டா? நீ சொல்லு."

என்னிடம் ஏன் கேட்கிறான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கேட்டால் உடனே சொல்லிவிடுவது ஆசிரியத் தொழிலின் நோய்.

ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. பெயர், அமெரிக்க மேற்குச் சமவெளிகளில் கட்டற்றுத் திரியும் குதிரையினுடையது. அன்றைக்கே வாங்குபவர்முன் இந்தக் கேள்வி இருந்தது: சிக்கனமான ஆறு சிலிண்டரா, எட்டா? 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974ஆம் ஆண்டு மஸ்டாங்கில் எட்டு சிலிண்டரே கிடையாது. அடிப்படை எஞ்சின் 2.3 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர். கார் நன்றாகவே விற்றது. ஆனாலும் அடுத்த ஆண்டே எட்டு திரும்பி வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து என் தம்பியின் முன் இருந்ததும் ஏறக்குறைய அதே தேர்வுதான். ஒருபுறம் டர்போ பொருத்திய 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர். மறுபுறம், இரு வரிசையாக வி வடிவில் அமைந்த 5 லிட்டர் எட்டு சிலிண்டர்.

விடைத்தாள் திருத்துகிறவனின் பழக்கத்தில், ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். நான்குக்கு 315 குதிரைத்திறன், எட்டுக்கு 480. அமெரிக்க அரசின் அளவீட்டில் நான்கு சிலிண்டர் ஒரு காலன் பெட்ரோலுக்குச் சராசரியாக 26 மைல் போகும். எட்டு, 18க்கு அருகில். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால் எட்டு ஏறத்தாழ 200 காலன் கூடுதலாகக் குடிக்கும். அடிப்படை விலையிலேயே பத்தாயிரம் டாலருக்கு மேல் வேறுபாடு. போதாததற்கு, நான்கின் முறுக்குவிசை 3,000 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது; எட்டு அதற்கு 5,000 சுற்றை நெருங்க வேண்டும். அலுவலகம் போய் வருகிறவனுக்கு அந்த உச்சத்தில் என்ன வேலை? டர்போவின் தத்துவமும் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியேறும் புகையின் விசையில் ஒரு சிறு சக்கரம் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தருகிறது. வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்குகிற அந்தச் சிக்கனம் நடுத்தர வர்க்கத்துக்கே உரியது.

"நாலு போதும்" என்று தீர்ப்பு எழுதினேன்.

தம்பி தன் பக்கத்து நியாயங்களைச் சொன்னான். இந்தத் தலைமுறை மஸ்டாங்கில் கையால் கியர் மாற்றும் வசதி எட்டு சிலிண்டருக்கு மட்டும்தான். நான்கை வாங்கினால் தானியங்கிதான். இதற்குப் போட்டியாக இருந்த கமாரோ, சேலஞ்சர் என்ற இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரோடு நின்றுவிட்டது. "இந்த ஜாதியில எட்டு சிலிண்டரோட மிஞ்சியிருக்கிறது இது ஒண்ணுதாண்ணே." பதினைந்து வயது மகள் மாடியிலிருந்து, "அப்பா, எஞ்சினே எதுக்கு? மின்சாரக் கார் வாங்குங்க" என்றாள். "அதையும் ஒருநாள் வாங்கத்தானே போறோம், அதுக்குள்ள இது" என்றான்.

பிறகு சற்றுத் தயங்கி, "சத்தமும் இருக்கு" என்றான். 2015இல் இந்த டர்போ நான்கு சிலிண்டர் மஸ்டாங்குக்கு வந்தபோது, காருக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகள் வழியே எஞ்சின் ஒலியைக் கூட்டித் தரும் ஏற்பாடும் கூடவே வந்ததாம்.

சத்தத்துக்காகப் பத்தாயிரம் டாலரா? நான் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தேன். அகநானூற்றின் நான்காம் பாடலில், வினை முடித்துத் திரும்பும் தலைவன், பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். ஓசையை அடக்குவதுதான் நம் மரபின் நாகரிகம் என்று முடித்தேன்.

தம்பி சிரித்தான். "அவன்கிட்ட மணி இருந்துச்சு, கட்டினான். மணியே இல்லாத தேர்ல ஒலிபெருக்கி வைக்கலையே?"

இருபது ஆண்டுகள் அந்தப் பாடலை நடத்தியிருக்கிறேன். எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை. அவனும் சரி என்று மடிக்கணினியை மூடிவிட்டான். அந்த 'சரி'யை எனக்கு எங்கேயோ முன்பே தெரியும் என்று மட்டும் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை, இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று விற்பனையகத்துக்கு அழைத்துப் போனான். முதலில் நான்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுகை இருக்கையோடு அழுத்தும் வேகம், தயங்காத பாய்ச்சல். முன்பக்கத்தில் எடை குறைவென்பதால் வளைவில் இலகுவாகத் திரும்புகிறது என்றான். என் தீர்ப்பு ஜெயித்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

பிறகு எட்டு. வேகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்ற அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்ல வேண்டும். கார் நின்றுகொண்டிருந்தது; அடிவயிற்றில் படுகிற மாதிரி ஓர் உருமல், விட்டு விட்டு, ஆனால் ஒழுங்கோடு. தம்பியின் வலது கை விரல்கள் ஸ்டீரிங் சக்கரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தன.

"என்னடா தட்டறே?"

"கேளுண்ணே. எட்டு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தா 90 டிகிரிக்கு ஒரு வெடி, சீராத்தான் வரும். ஆனா ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் எடுத்துக்கிட்டா 90, 180, 270, 180. அதாவது ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு. கூட்டினா எட்டு. ஆதி தாளம்."

விளக்கு பச்சையாயிற்று. நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறையூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர், ஒரு கிணறு, அதன்மேல் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின். மின்இணைப்பு கிடைக்கும்வரை அந்த எஞ்சின்தான் எங்களுக்குச் சோறு. ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம். வீட்டுத் திண்ணையில் படுத்தபடியே, சத்தம் மாறுவதை வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அப்பா எழுந்து போவார். அந்தக் காது தம்பிக்கு வந்தது. கோயில் தெருவில் இருந்த தவில் வித்துவானிடம் நான்கு ஆண்டுகள் பாடம் கேட்டான். பலகை, தொடை, சோற்றுத் தட்டு எதுவும் அவன் விரலுக்குத் தப்பாது.

1995இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். கணக்கில் நல்ல மதிப்பெண். பொறியியல் என்றார் அப்பா. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து தமிழ் இலக்கியத்தில் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு தம்பி பத்தாம் வகுப்பு முடித்தபோது அப்பா அவனைக் கூப்பிட்டு, "மூத்தவன் அவன் இஷ்டத்துக்குப் போயிட்டான். நீயாவது குடும்பத்தைப் பாருடா" என்றார். நுழைவுத்தேர்வுக்கான தனிப்பயிற்சியும் தவில் பாடமும் ஒரே மாலை நேரத்தில் வந்தன. அவன் என்னிடம்தான் வந்தான். "அண்ணே, நீ சொல்லு" என்றான்.

"தவில் சோறு போடாதுடா" என்று சொன்னேன். தமிழ் சோறு போடாது என்று ஊரே சொன்னதைக் காதில் வாங்காமல், இரண்டு நாள் பட்டினி கிடந்த நான்தான் அதைச் சொன்னேன். அவன் அன்றும் "சரி" என்றான்.

அவன் 2002இல் பொறியியல் முடித்து வேலைக்குப் போனான். எனக்கு நிரந்தரப் பணி கிடைத்தது 2009இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் நடத்திக்கொண்டு, ஆய்வு செய்துகொண்டு, சிற்றிதழ்களில் எழுதிக்கொண்டு நான் இலக்கியவாதியாக இருக்க முடிந்தது என்றால், அப்பாவின் அறுவைச் சிகிச்சையும் வீட்டுக் கடனும் அவன் கணக்கில் எழுதப்பட்டதால்தான். எட்டு சிலிண்டரில் போனவன் நான். அந்த 200 காலனுக்குப் பணம் கட்டியவன் அவன். இப்போது அவனுக்கு என்று ஓர் ஆசை வரும்போது, நடுவில் கோடு போட்ட தாளோடு மறுபடியும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாளில் நான் எழுதிய எதுவும் பொய்யில்லை. பெட்ரோல் கணக்கு சரி, விலைக் கணக்கு சரி. அன்றாடம் ஓட்ட ஒரே கார், அதில் கொஞ்சம் வேகமும் வேண்டும் என்று கேட்பவருக்கு இன்றும் நான்கையே சொல்வேன். ஆனால் தம்பி கேட்டது அதை அல்ல. வேலைக்குப் போய்வர வேறொரு கார் அவன் வீட்டில் நிற்கிறது. அவன் விடுமுறை நாளில் ஏறி உட்கார்ந்து, கையால் கியர் போட்டு, காதால் கேட்க ஒன்றை வாங்கப் போகிறான். அப்படி வாங்குகிறவனுக்கு, ஐந்து ஆண்டுகள் கழித்தும் சாவியைத் திருப்பத் தோன்றுமா என்பது முக்கியம். அதற்கு என் தாளில் கட்டமே இல்லை.

விற்பனையகத்து வாசலில் கார் நின்றதும், "எட்டையே வாங்குடா" என்றேன்.

"கணக்கு?"

"கணக்கெல்லாம் சரிதான். இருந்தாலும் வாங்கு."

அவன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எந்த 'அன்று' என்று நான் கேட்கவில்லை. போன சனிக்கிழமையைச் சொன்னான் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதி.

வாங்கினான். கூடுதல் அலங்காரங்கள் எதுவும் வேண்டாமென்று விட்டுவிட்டு, எட்டு சிலிண்டரும் கை கியரும் மட்டும் கேட்டு வாங்கினான். ஒரு கார் வந்ததால் தவில் திரும்பிவிடும் என்றோ, என் பங்குக்கு நான் எதையோ அடைத்துவிட்டேன் என்றோ சொல்ல மாட்டேன். வாங்கியது அவன் பணத்தில். நான் கொடுத்தது ஒரு வாக்கியம். அதுவும் இருபத்தெட்டு ஆண்டுகள் தாமதமாக.

கார் வீட்டுக்கு வந்த அன்றிரவு, ஊரில் அப்போது காலை, அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தான். எஞ்சினை முடுக்கிவிட்டுப் பின்பக்கம் போய், புகைக்குழாயின் அருகே கைப்பேசியைப் பிடித்தான். அப்பா வெகுநேரம் பேசவில்லை. கேட்கவில்லையோ என்று நான் நினைத்தபோது குரல் வந்தது.

"வெடியை எண்ணவே முடியலையேடா. எத்தனை சிலிண்டரு?"

"எட்டுப்பா."

"எட்டா! ஒரு ஆளு போறதுக்கு எதுக்குடா எட்டு?"

அதற்கு நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். இந்த முறை அவனே சொல்லட்டும்.