பாரிஸில் எடுத்த முகங்கள்

மான் ரே 1922இல் எடுத்த ஜேம்ஸ் ஜாய்ஸ் படம். குனிந்த தலை, நெற்றியில் கை. ஆழ்ந்த சிந்தனை என்றே தோன்றும். உண்மையில் கண் நோவு. ஸ்டுடியோ விளக்கின் கூச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பியிருக்கிறார், மான் ரே அந்த நேரம் பார்த்துக் கிளிக் செய்துவிட்டார். எடுக்கச் சொன்னவர் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலை வெளியிட்ட சில்வியா பீச். புத்தகம் விற்க வேண்டுமே. விளம்பரப் படம், நூறு வருஷமாக மேதைமையின் படமாக உலவுகிறது.

பீச்சின் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' புத்தகக் கடைச் சுவர் முழுக்க எழுத்தாளர் முகங்கள். மான் ரேயோ, அவரிடம் உதவியாளராக இருந்து 1926இல் தனி ஸ்டுடியோ போட்ட பெரெனிஸ் அபட்டோ எடுத்த படம் இருந்தால்தான் அந்த வட்டாரத்தில் மதிப்பு. அதே வருஷம் அபட் எடுத்த ஜாய்ஸ், ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இதுதான் உசத்தி. நோவு நோவாகவே இருக்கிறது.

பீச், ரே, அபட் மூவரும் அமெரிக்கர்கள். டாலருக்கு நிறைய ஃபிராங்க் கிடைத்த காலம். பிடிக்காவிட்டால் கப்பலேறி ஊர் திரும்பலாம். ஜிசேல் ஃப்ராய்ண்டின் கதை அப்படியில்லை. 1933இல் நாஜிகளுக்குத் தப்பி ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓடிவந்த யூதப் பெண். அவர் எடுத்த ஜாய்ஸ் வண்ணப்படம் 1939 மே மாதம் 'டைம்' அட்டையில் வந்தது. மறு வருஷம் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைய, மறுபடி ஓட்டம். ஜாய்ஸ் 1941 ஜனவரியில் சூரிச்சில் இறந்துபோனார்.

(லண்டனிலிருந்து ஜாய்ஸ் குடும்பத்துக்குப் படியளந்தவர் ஹாரியட் வீவர். இந்தப் படங்களில் ஜாய்ஸின் மோதிரம் தெரியும், கைத்தடி தெரியும். வாடகை யார் கொடுத்தார் என்பது தெரியாது.)

எழுத்தில் தீட்டிய முகங்களில் கேமராவைவிடக் குரூரம் அதிகம். ஹெமிங்வேயின் பாரிஸ் நினைவுகள் 1964இல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து வந்தன. 1924இல் தன் பத்திரிகையில் அவருக்கு இடம் கொடுத்த ஃபோர்ட் மடாக்ஸ் ஃபோர்டை அதில் உடல் நாற்றம் வரை எழுதி அசிங்கப்படுத்துகிறார். ஃபிட்ஸ்ஜெரால்டின் அந்தரங்கம் சந்திக்கு வருகிறது. கெர்ட்ரூட் ஸ்டைனும் தப்பவில்லை. நடை அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் மூவரும் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள்.

ஸ்டைனும் லேசுப்பட்டவர் இல்லை. தோழி ஆலிஸ் டோக்லஸ் எழுதுவதுபோல் 1933இல் தன் கதையைத் தானே எழுதினார். அதில் வரும் ஓவியர்கள் மத்தீஸும் பிராக்கும் அப்போது உயிரோடிருந்தார்கள்; 1935இல் மறுப்பை அச்சிட்டே விட்டார்கள். புத்தகத்தோடு அதையும் தேடிப் படிக்க வேண்டும்.