பூட்டைத் தொட்டுப் பார்த்தேன்

கடலூர் மாவட்டம் மங்களூரில் மக்காச்சோளம் அறுத்து முடித்த காடுகள் வெளுத்துக் கிடந்தன. விருத்தாசலம் பஸ்ஸில் காலை ஏழேகாலுக்கே நிற்க இடமில்லை. பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். நான் பேச்சுக் கொடுத்த நாலு பேருமே வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இவர்களில் ஒருவருக்கு மனசு உடைந்துபோனால், உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? அதைப் பார்க்கத்தான் நானும் ஏறினேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கடையை ஒட்டி டீ, 12 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். ஆலோசனை அறையைப் பற்றிக் கேட்டதும், "வாரத்துல ரெண்டு நாள் திறக்கிறோம் மேடம்" என்றார் பேராசிரியர். போய்ப் பார்த்தேன். முதல்வர் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஃபீஸ் கட்டும் வரிசை அதன் வாசலை உரசிக்கொண்டு நிற்கிறது. பூட்டைத் தொட்டேன், விரலெல்லாம் துரு. ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் விடைத்தாள் கட்டுகளும், அடுக்கிவைத்த நாற்காலிகளும்.

வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "தொறந்திருந்தாலும் போகமாட்டோம்க்கா. இத்தனை பேரு பாப்பாங்கல்ல? ரூம்ல கூட இருக்கறவகிட்டதான் சொல்லுவேன்."

"அவளும் அழுதுகிட்டு இருந்தா?"

அவள் பதில் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. அந்த ஆள் எந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்வார் என்பதும் அதே அளவு முக்கியம் என்பேன். நூலகத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை போதும். யாரும் பார்க்காமல் போய்வரலாம்.

அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண், தேர்வு அட்டவணைக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. 2022 அக்டோபரில் வந்த இலவச மனநல உதவி எண் அது. நின்ற இடத்திலிருந்தே அழைத்தேன். எடுத்தவர் தமிழில், அவசரப்படுத்தாமல் பேசினார். விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி உடனே வைத்துவிட்டேன். வேறொருவருக்கு அந்த நிமிடம் தேவைப்படலாம். அட்டவணையையும் கொஞ்சம் நகர்த்திக் குத்தினேன்.

மருத்துவரையே பார்க்க வேண்டுமென்றால்? சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் பஸ். டிக்கெட் 35 ரூபாய், ஒன்றரை மணி நேரம். ரயில் பாதை தாண்டினால் அண்ணாமலை நகர். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடுதான் மாவட்டத்தின் கலைக் கல்லூரிகள் இப்போது இணைந்திருக்கின்றன. முன்பு பல்கலைக்கழகத்தின் கையில் இருந்த ராஜா முத்தையா மருத்துவமனை இன்று அரசு மருத்துவமனை. மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சுகள் நிறைந்திருந்தன. டெட்டால் வாடை. தோளில் பையோடு இரண்டு இளைஞர்கள், தலை நிமிரவில்லை. கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் புறநோயாளிச் சீட்டு காலையில்தான். மங்களூர்ப் பையன் விடியுமுன் கிளம்ப வேண்டும், அன்றைய வகுப்பு போய்விடும், வீட்டில் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும்.

2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. சக மாணவர்களே தோழனின் தடுமாற்றத்தைக் கவனித்து, தக்க ஆளிடம் சேர்க்கும் ஏற்பாடு. டாக்டராகப் போகிறவர்களுக்குத் தேவைப்படுவது, முதல் தலைமுறையாக பி.ஏ. படிக்கும் பெண்ணுக்கு இரண்டு மடங்கு தேவை. அறையில் கூட இருப்பவளுக்கு இந்தப் பயிற்சி கிடைத்திருந்தால், இருவரும் சேர்ந்து அழுவதோடு அது நிற்காது.

சிதம்பரம் பஸ் நிலையத்திலிருந்து அந்தப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். அறை அடுத்து எப்போது திறக்கும்? கொஞ்சம் தயங்கி, "புதன்கிழமை பத்தரைக்கு மேடம்" என்றார். விடைத்தாள் கட்டுகளை எங்கே மாற்றுவீர்கள் என்றும் கேட்டேன். "அதையும் பாக்கறேன்" என்றார்.

புதன்கிழமை அதே ஏழேகால் பஸ்ஸில் போகிறேன்.