நேராவே கேட்டுடுங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தா நம்ம ஊர்ல எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: 'எவ்வளவு மார்க்?' மாநில ரேங்க் அறிவிக்கிறதை 2017-லயே தமிழக அரசு நிறுத்திடுச்சு. சொந்தக்காரங்க இன்னும் நிறுத்தலை!

என் சித்தி பையனுக்கு ஒரு பாடம் போச்சு. அன்னியிலிருந்து கிரிக்கெட் இல்லை, சரியா சாப்பாடு இல்லை. 'நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி'னு ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொன்னான். வீடே சிரிச்சது. எனக்குப் பகீர்னு இருந்தது. மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் நேராவே கேட்டேன்: "டேய், செத்துடலாம்னு தோணுதாடா?"

உடைஞ்சு அழுதான். மார்க் விஷயம் கடைசியாத்தான் வந்தது. அதுக்கு முன்னாடியே சித்தப்பாவோட குத்தல் பேச்சு, பேசறதை நிறுத்திட்ட ஃப்ரெண்ட், ரெண்டு மாசமா வராத தூக்கம்னு வரிசையா இருந்தது. ஒரே ஒரு காரணத்தால யாரும் அந்த எல்லைக்குப் போறதில்லை.

இப்படிக் கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோ? ஆகாது பாஸ். மனநல டாக்டர்களே நேரா கேக்கத்தான் சொல்றாங்க. பதில் வரும்போது அட்வைஸ் வேண்டாம், காது கொடுத்தா போதும். தனியா விடாதீங்க. 'யார்கிட்டயும் சொல்லாதே'னு சத்தியம் வாங்கினாலும், நம்பிக்கையான பெரியவர் ஒருத்தர்கிட்ட சொல்லிடுங்க. நாங்க அன்னிக்கே சித்திகிட்ட சொன்னோம். மறுநாள் டாக்டரைப் பார்த்தோம்.

ஃபெயிலானவங்களுக்கு அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கு. மனசு தாங்கலைன்னா 14416 இருக்கு. 'டெலி மானஸ்' இலவச எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். உங்க செல்லுல இப்பவே சேவ் பண்ணிடுங்க. உங்களுக்கு இல்லாட்டியும், பக்கத்து பெஞ்சுல இருக்கிறவனுக்குத் தேவைப்படலாம்.