மழை இருக்கும் ஊருக்குப் போகலாமா?

வறட்சி வருஷம் வந்தால் நம் கொங்குப் பகுதித் திண்ணைகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இந்த வெய்யல்ல கெடந்து காயறதுக்கு, இருக்கறதை வித்துப்போட்டு மலைப்பக்கம் போயிரலாமுங்க" என்பார் ஒருவர். "அங்க மட்டும் என்ன கொட்டிக் கெடக்குது?" என்று இன்னொருவர் கேட்பார். பேச்சு அதோடு முடியும். சிலர் வீட்டில் மட்டும் முடியாது. எங்கள் வீட்டில் முடியவில்லை.

நான் இருப்பது பொங்கலூர் பக்கம். பிஏபி வாய்க்கால் பாசனம். என் தம்பி குடும்பம் 2017ல் வால்பாறைக்குப் போனது. போனது சரியா தவறா என்று தம்பியைக் கேட்டால் ஒரு பதில், தம்பி மனைவியைக் கேட்டால் வேறொரு பதில். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால், அந்த ஊரைப் பற்றி நான் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நூறு கிலோமீட்டரில் இரண்டு உலகம்

பல்லடத்திலிருந்து வால்பாறை நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு அணையைத் தாண்டினால் மலை ஏற்றம். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் ஊர். கோவை மாவட்டம்தான், தமிழ்தான், கடையில் அதே கம்பெனி உப்புப் பாக்கெட்தான். ஆனால் வானம் வேறு.

கோவையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 700 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் குறைவு. வால்பாறையில் சுமார் 3,500 மில்லிமீட்டர். அதாவது நமக்கு ஐந்து வருஷத்தில் பெய்வது அங்கே ஒரே வருஷத்தில் பெய்துவிடும். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்த நீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதும் நமக்குப் பெரும்பாலும் காற்றாகவும் சாரலாகவும்தான் மிஞ்சும். ஆடி மாதம் நம் பக்கம் மண்ணை வாரி இறைக்கும் அதே காற்றுதான் வால்பாறையில் பத்து நாள் சூரியனைக் காட்டாமல் பெய்கிறது.

தம்பி சொல்வது, தம்பி மனைவி சொல்வது

2016ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். தம்பியின் நான்கு ஏக்கரில் இருந்த தென்னை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. ஆயிரம் அடி தாண்டி ஓட்டிய போரில் புகைதான் வந்தது. அந்தச் சித்திரையில் தெரிந்தவர் ஒருவர் வால்பாறையில் தன் மெஸ்ஸை நடத்த ஆள் தேடினார். குடும்பத்தோடு ஏறிவிட்டார்கள்.

முதல் வருஷ மழையை இருவரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து தம்பிக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. "உப்பு தண்ணியா ஓடுதுங்கண்ணா. மிளகாயில பூஞ்சை. போட்ட துணி நாலு நாளானாலும் காயாது, அடுப்புக்கு மேல கொடி கட்டித்தான் காய வைக்கோணும். கால்ல அட்டை. எனக்கு வெய்யல்ல நின்னு தலைல துண்டைப் போட்டுட்டு ஒரு நடை காட்டைச் சுத்தி வரோணும் போல இருக்குது" என்பான். குளிர் காலத்தில் முட்டிவலி வேறு.

அவன் மனைவி அப்படியே எதிர். "ஏனுங் மாமா, அங்க இருக்கறப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, கரண்ட் வந்துதா, மோட்டார் ஓடுதா, தொட்டியில தண்ணி விழுகுதான்னு பார்த்ததெல்லாம் மறந்துட்டாரு. குடிதண்ணிக்குக் கொடத்தை வெச்சுட்டு லாரிக்குக் காத்திருந்தது நானு. இங்க குழாயைத் தொறந்தாத் தண்ணி வருதுங். பொண்ணு ஒரு பக்கம் படிக்கறா. மாசமானா கையில காசு நிக்குது" என்கிறாள்.

யோசித்துப் பார்த்தேன். வறட்சியில் ஆண் கவலைப்படுவது பயிருக்கு. வீட்டுத் தண்ணீருக்கு நடையாய் நடப்பது பெண். வெயில் நாட்டை விட்டுப் போனதில் யார் தோளிலிருந்து எந்தச் சுமை இறங்கியது என்பதைப் பொறுத்துத்தான் பதிலும் வருகிறது.

முன்பே ஏறிப் போனவர்கள்

மழை ஊருக்குப் போவது நம் காலத்துக் கதை மட்டும் அல்ல. 1890களில் ஆனைமலையில் வெள்ளைக்காரர்கள் காடு அழித்துத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். அதில் முன்னோடியான கார்வர் மார்ஷ் என்பவருக்கு வால்பாறை போகும் வழியில் கவர்க்கல் அருகே சிலை இருக்கிறது. முதலில் காபி, பிறகு தேயிலை. வேலை செய்ய ஆட்கள் வேண்டும். திருநெல்வேலி, ராமநாதபுரம் போன்ற காய்ந்த சீமைகளிலிருந்து, மழை இல்லாமல் பட்டினி கிடந்த ஏழைகளை, முக்கியமாகத் தாழ்த்தப்பட்ட மக்களை, முன்பணம் கொடுத்துக் கங்காணிகள் கூட்டி வந்தார்கள்.

அவர்கள் பட்ட பாட்டை, அங்கே மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' என்ற நாவலாக ஆங்கிலத்தில் எழுதினார். 1969ல் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். 2013ல் வந்த 'பரதேசி' படம் அதைத் தழுவியதுதான். மலேரியாவிலும் குளிரிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். ஊர் திரும்ப நினைத்தாலும் முன்பணக் கடன் விடவில்லை.

இன்று மலேரியா இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஒன்று மாறவில்லை. மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கும் அங்கே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருப்பது அபூர்வம். குடியிருக்கும் லயன் வீடு எஸ்டேட்டுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் இருந்த வால்பாறையில் 2011ல் 71 ஆயிரம் பேர்தான். காலியான லயன்களில் இப்போது அசாம், ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள்.

தம்பி மெஸ்ஸில் பாத்திரம் கழுவ வரும் ஒரு பாட்டி, எஸ்டேட்டில் 37 வருஷம் கொழுந்து எடுத்தவர். மகன் உடுமலையில் வாடகை வீட்டில் இருக்கிறான். அங்கே போய் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். "வெயிலு தாங்கல சாமி. ஆனா இங்க இருக்கறதுக்கும் இடமில்ல" என்றார். மழை இருக்கிறவர்களுக்கு நிலம் இல்லை. நிலம் இருக்கிற நமக்கு மழை இல்லை. அந்தப் பாட்டி பேசியதைக் கேட்ட பிறகு, என் நாலு ஏக்கரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மழைதான் நம் வாய்க்கால்

வால்பாறையில் பெய்வது வால்பாறையோடு போவதில்லை. நீராறு, சோலையாறு என்று ஓடும் நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, பரம்பிக்குளம், தூணக்கடவு வழியாக சர்க்கார்பதிக்குக் கொண்டு வந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு மலைச்சரிவை ஒட்டியே 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அதுதான் பல்லடம், பொங்கலூர், காங்கேயம், வெள்ளகோவில் வரை பாயும் நம் பிஏபி தண்ணீர். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1961ல் பிரதமர் நேரு வந்து தொடங்கி வைத்த திட்டம். சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சி நா. மகாலிங்கம் ஆகியோரின் உழைப்பு அதில் பெரிது.

திருமூர்த்தி அணையின் பாசனப் பரப்பு 3.77 லட்சம் ஏக்கர். இருக்கிற தண்ணீர் அத்தனைக்கும் ஒரே நேரத்தில் போதாது. அதனால் நான்கு மண்டலமாகப் பிரித்து, இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் நம் முறை வருகிறது. கடைமடைக்காரர் கஷ்டம் தனி. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மழை இருக்கும் இடத்துக்கு மனிதன் போவதைவிட, மனிதன் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரைக் கொண்டு வருவதைத்தான் நம் முன்னோர் பெரிதாக நினைத்தார்கள். பவானி ஆற்று நீரைக் காலிங்கராயன் வாய்க்காலில் திருப்பியது 13ஆம் நூற்றாண்டில். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுவதும் அதே வேலைதான்.

வெயிலும் ஒரு சொத்து

தம்பி வெயிலுக்கு ஏங்குவதைக் கேட்ட பிறகுதான், வெயில் நமக்கு என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பொள்ளாச்சியில் தேங்காய் விளைந்தாலும், பருப்புக் களம் நிறைந்திருப்பது காங்கேயத்தில். கேரளத்திலிருந்துகூடத் தேங்காய் வந்து இங்கே காய்கிறது. காரணம் மழை குறைவு, வெயில் அதிகம். பல்லடத்துச் சின்ன வெங்காயத்தை உலர்த்திப் பட்டறை போட்டு, விலை வரும்வரை வைத்திருக்க முடிவதும் காற்று உலர்ந்திருப்பதால்தான். மூலனூர் முருங்கைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது.

காங்கேயம் மாடு வளர்ந்தது எதில்? கொரங்காட்டில். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு மழை பெய்தால் புல் எழும், வெயிலில் நின்றபடியே காய்ந்தாலும் மாடு மேயும். அந்த மேய்ச்சலில் இறுகிய உடம்புதான் அதற்கு வண்டிக்கும் ஏருக்கும் பேர் வாங்கித் தந்தது. காற்றாலையும் சூரிய மின்சாரப் பம்பும் இப்போது சேர்ந்திருக்கின்றன.

மழை ஊரின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 30, வயநாட்டில் மலை சரிந்த அதே நாளில், சோலையாறு அணைப் பக்கம் வீட்டின் மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்தார்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானை வரும் செய்தியைச் செல்போனில் அனுப்புவதும், சிவப்பு விளக்கு எரிய வைப்பதும் அங்கே பல வருஷமாக நடக்கிறது. அதனால் பல உயிர் தப்பியிருக்கிறது. ஆனாலும் சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிய துயரமும் நடந்திருக்கிறது. இருட்டிய பிறகு குழந்தையை வாசலில் விட முடியாத ஊர் அது.

போக நினைப்பவர்களுக்கு

போன வருஷம் மனை விற்பவர் ஒருவர் தம்பியின் நான்கு ஏக்கருக்கு நல்ல விலை பேசினார். விற்றுவிட்டு மேலேயே இருந்துவிடலாமா, விற்காமல் கீழே வந்துவிடலாமா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. கடைசியில் தம்பி மனைவிதான் முடிவு சொன்னாள். "பொண்ணு பன்னண்டாவது முடிக்கட்டும், அதுவரைக்கும் இங்கதான். ஆனாக் காட்டை விக்க வேண்டாங். அந்தப் பாட்டிம்மாவைப் பார்க்கறனில்லீங்." செத்த தென்னையை எடுத்துவிட்டு, வேலியை அடைத்து, கொழுக்கட்டைப் புல் விதைத்து, செம்மறி வைத்திருப்பவருக்கு வருஷக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பெரிய வருமானம் இல்லை. செலவும் இல்லை, மண்ணும் கெடவில்லை.

இப்படி யோசிக்கும் வாசகர்களுக்கு என் அனுபவத்தில் நான்கு சொல்லலாம். முதலில், சித்திரையில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆடியில் போய்ப் பதினைந்து நாள் தங்கிப் பாருங்கள். வீட்டில் ஆஸ்துமா, மூட்டுவலி இருப்பவர்களை அழைத்துப் போய்ப் பாருங்கள். இரண்டாவது, வால்பாறை பக்கம் பெரும்பகுதி எஸ்டேட், காடு. விற்பனைக்கு என்று யாராவது நிலம் காட்டினால் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, வீட்டுப் பெண்கள் சொல்வதை முதலில் கேளுங்கள். தண்ணீர்க் கஷ்டம் முழுதாகத் தெரிந்தவர்கள் அவர்கள். நான்காவது, எங்கே போனாலும் கீழே இருக்கும் நிலத்தை விற்காமல் போங்கள். வறட்சி இரண்டு வருஷம், மூன்று வருஷம். விற்ற காடு திரும்பாது.

இப்போது ஆடி பிறந்தால் தம்பி தினமும் போன் செய்கிறான். சோலையாறு அணையின் உயரம் 160 அடி. இன்று நூறு, நேற்றைக்கு நாலடி ஏறியிருக்கிறது என்று கணக்குச் சொல்வான். அவனுக்கு அது நனைந்த துணி. எனக்கு அது அடுத்த முறைத் தண்ணீர். இந்த முறை நம் மண்டலத்துக்கு வாய்க்கால் திறந்தால் மக்காச்சோளம் போடலாம் என்று இருக்கிறேன். அவன் காட்டு வரப்பை ஒட்டி நாலு தென்னம்பிள்ளையும் வைக்கச் சொல்லியிருக்கிறான்.