நெட்டை நாத்து

ஆடி பொறந்தா போதும், தெரிஞ்சவங்க கிட்டேருந்து போட்டோ வர ஆரம்பிச்சுடும். தயிர் டப்பாவுல தக்காளி நாத்து. நூல் மாதிரி வெளுத்த தண்டு, உச்சியில ரெண்டே இலை, எல்லாம் ஜன்னல் பக்கமா சாஞ்சு நிக்கும். "நாலே நாள்ல எவ்ளோ உயரம் பாருங்கண்ணே"ன்னு சந்தோஷமா ஒரு வரி. ஒரு வாரம் கழிச்சு அடுத்த செய்தி: "எல்லாம் படுத்துடுச்சுண்ணே. எனக்குக் கைராசி இல்லை போல." அதோட அந்த வீட்டுல மாடித்தோட்டம் முடிஞ்சுது.

கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அந்த உயரம் பசியில வந்த உயரம். விதைக்குள்ள இருக்கிற கொஞ்சூண்டு சாப்பாடு தீர்றதுக்குள்ள வெளிச்சத்தைத் தொட்டுடணும்னு நாத்து தண்டை மட்டும் இழுத்துக்கிட்டுப் போகுது. வேருக்கும் இலைக்கும் போக வேண்டியதையும் தண்டுக்கே செலவழிச்சுடும்.

முளைப்பாரி பார்த்திருப்பீங்க. நவதானியத்தை வெளிச்சம் படாத அறையில வெச்சு, தண்ணி தெளிச்சு, விரதம் இருந்து வளர்ப்பாங்க. கொஞ்ச நாள்லயே நெடுநெடுன்னு, இளமஞ்சளா வந்து நிக்கும். அங்க இருட்டு வேணும்னே குடுக்கிறது. தலையில தூக்கிட்டு ஊர்வலம் போய்த் தண்ணியில கரைச்சுடுவோம், அத்தோட அதோட வேலை முடிஞ்சுது. யாரும் அதைக் கொண்டுபோய் வயல்ல நடறதில்லை. உங்க ஜன்னலோரத்துல அரைகுறையா நடக்கறதும் இதேதான்.

"எங்க ரூம் நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு"ம்பாங்க. நம்ம கண்ணு பொல்லாதது. வெளிச்சம் குறைஞ்சா தானே சரி பண்ணிக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியற அறைக்குள்ள சில நூறு லக்ஸ் இருந்தா அதிகம். நமக்குப் பேப்பர் படிக்கப் போதும், தக்காளிக்கு அது ராத்திரி மாதிரி.

வீட்டுக்குள்ளதான் இப்படின்னு இல்லை. திருநீர்மலைன்னா மலையைச் சுத்தி நீர் நின்னதால வந்த பேருன்னு சொல்வாங்க. இப்போ சுத்தி நிக்கிறது அடுக்குமாடி. 2021-லேருந்து நாங்களும் தாம்பரம் மாநகராட்சிக்காரங்க. என் நாற்றங்காலுக்குக் கிழக்கால போன வருஷம் ஒரு அஞ்சு மாடிக் கட்டடம் எழும்புச்சு. காலை வெயில் பத்தரைக்கு மேலதான் எட்டிப் பாக்குது. அடுத்த பட்டத்துலேயே கத்திரி நாத்து அத்தனையும் மேற்கே சாஞ்சு, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நெட்டையா வந்துச்சு. அதே விதை, அதே எரு, அதே கைதான். இப்போ குழித்தட்டெல்லாம் மொட்டைமாடியில. விவசாயி வீட்டு நாத்தும் மாடியேறியாச்சு.

எங்க அம்மா மேட்டுப்பாத்தியில விதை தூவி வைக்கோல் மூடுவாங்க. தினம் காலையில வைக்கோலை விலக்கிப் பாக்கறது அவங்க வேலை. அங்கங்க முளை தெரிஞ்சா அன்னிக்கே மூடாக்கை எடுத்துடுவாங்க, "நாளைக்கு எடுத்துக்கலாம்"னா திட்டு விழும். டப்பாவுக்கும் அதே கணக்குதான். தக்காளி, கத்திரி ஒரு வாரத்துக்குள்ள முளைச்சுடும், மிளகாய் பத்து நாள் வரைக்கும் எடுக்கும். முளைக்கிற வரை மூடி இருக்கலாம். முதல் முளை தலை காட்டின அன்னிக்கே வெளிய வந்துடணும். மிச்சமும் முளைக்கட்டும்னு காத்திருந்தா முதல்ல வந்தது கெட்டுடும்.

பச்சைப் பிள்ளையை வெயில்ல போடறதான்னு பயப்படாதீங்க. திறந்த இடத்துல முளைச்ச நாத்து காலை வெயிலை நல்லாவே தாங்கும். மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை போதும். அறைக்குள்ளயே சில நாள் வளர்ந்ததை மட்டும் திடீர்னு வெளிய வைக்காதீங்க, இலை கருகிடும். ஒரு மணி, ரெண்டு மணின்னு நாலஞ்சு நாள் பழக்குங்க.

நெருக்கமும் ஆகாது. ஒரு டப்பாவுல ஒரு பாக்கெட் விதையையும் கொட்டினா, முழு வெயில்லயும் நெட்டையாத்தான் வரும். பக்கத்துச் செடியோட இலை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிடுது. மிச்சம் வர்ற வெளிச்சத்தை வெச்சே போட்டி வந்துடுச்சுன்னு நாத்து கண்டுபிடிச்சு எம்பும். குழிக்கு ஒண்ணு விட்டுட்டு மத்ததைக் கத்திரிக்கோலால வெட்டிடுங்க. பிடுங்கினா பக்கத்து வேரும் ஆடும். மனசு கேக்காதுதான்.

அப்புறம் காத்து. தினம் ரெண்டு வேளை உள்ளங்கையால நாத்துத் தலையை லேசா தடவி விடுங்க. ஆடி அசைஞ்சு வளர்ற தண்டு குட்டையா, தடிச்சு வரும். மேல்மண் கொஞ்சம் காய்ஞ்ச பிறகு தண்ணி. நசநசன்னு வெச்சா நெட்டைத் தண்டு அடியில அழுகி விழும், அதுதான் நாற்றழுகல்.

ஏற்கெனவே நெட்டையாயிடுச்சா? தக்காளின்னா தூக்கிப் போட வேண்டாம். நடும்போது முதல் இலைக்குக் கீழ வரைக்கும் தண்டைப் புதைச்சுடுங்க, மண்ணுக்குள்ள போன தண்டு முழுக்க வேர் விடும். தண்டு நீளமா இருந்தா பள்ளத்துல சாய்வா படுக்க வைக்கலாம். மிளகாயை அவ்வளவு ஆழம் புதைக்க வேண்டாம், மறுபடி விதைக்கறது மேல். பாகல், புடலைக்கெல்லாம் இந்த டப்பா வேலையே வேண்டாம், வளரப்போற தொட்டியிலேயே நேரா ஊனிடுங்க.